குற்றாலத்து வீட்டுக்குத் தலைவர் யார்?

நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் துறையின் இரண்டு இளம் விரிவுரையாளர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் களப்பணியை எப்படிச் செய்தோம் என்பதுபோல ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். புறப்படும்போது மூத்தவள் வாசலில் தயங்கி நின்றாள். "அந்தக் கோர்ட் விஷயத்தை மட்டும் விட்டுடலாமா மேடம்? ஸ்டூடண்ட்ஸ் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள்.

அவள் அதைச் சொல்லாமல் போயிருந்தால் நான் ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றியே எழுதியிருப்பேன். இப்போது கோர்ட் விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆண்டு வந்திருக்கும் புதிய பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். குடும்பம் என்னும் சமூக நிறுவனத்துக்கு அதில் கொடுத்திருக்கும் வரையறை 'ஓர் ஆணின் தலைமையில்' என்று தொடங்குகிறது. மாணவிகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கட்டும். ஆனால் அந்த வரி எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதை அறிந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்குள் அடங்காத வீடுகளை எப்படி வெளியே தள்ளினார்கள் என்பதையும் பார்த்தவள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா பள்ளி ஆசிரியர். சென்னையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினேன். அடுத்தது கல்யாணம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, படித்த துறையிலேயே ஒரு வேலை இருப்பதாகச் செய்தி வந்தது. தென்காசி வட்டாரத்தில் குடும்பங்களை ஆராயப் போகிறார்கள். நிலத்தையும் கூலியையும் விசாரிக்க ஆண்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டியிருந்தது, அதுவும் திருநெல்வேலிப் பேச்சு தெரிந்தவளாக. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் மதிப்பெண்ணைவிட என் பேச்சுதான் காரணம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்பா யோசித்தார், அம்மா அழுதாள், நான் பெட்டியைக் கட்டினேன். முப்பதுகளின் நடுப்பகுதி அது.

ஆய்வை நடத்தியவர் பேராசிரியர் கோதண்டம். குற்றாலத்துச் சாரலிலும் கோட்டைக் கழற்றாதவர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தவறு செய்தவனை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கேள்வி கேட்பார். அந்தத் தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி இது. குறிப்பில் எந்த வரியை எழுதினாலும் அதன் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடவேண்டும். நானே கண்ணால் பார்த்ததென்றால் 'பா'. வேறொருவர் சொல்லிக் கேட்டதென்றால் 'கே'. நானாக நினைத்துக்கொண்டதென்றால் 'நி'. "மூன்றையும் கலக்கிறவன் நாவல் எழுதப் போகலாம்" என்பார். முதல் வாரம் நான் கொண்டுபோன குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, "மாமியார் மருமகள் மீது அன்பாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். 'பா' போட்டிருக்கிறாய். அன்பு எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது?" என்று கேட்டார். மறுநாள் அதே வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மருமகளுக்கு மாமியார் தலை பின்னிவிட்டதைப் பார்த்தேன். அதை எழுதினேன். அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

வீட்டுக்குள் நுழைவதற்கும் முறை இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் வெளியே போன பிறகு போகவேண்டும். எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கேதான் உட்கார வேண்டும். நான் கிறிஸ்தவப் பெண் என்பதால் பெரும்பாலான வீடுகளில் புறவாசல்தான். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் ஒரு வீட்டைப் பார்ப்பதற்குப் புறவாசலைப்போல நல்ல இடம் வேறில்லை என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. 'வீட்டில் தலைவர் யார்' என்று எடுத்தவுடன் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். உலைக்கு அரிசி அளந்து போடுவது யார், சாவி யார் இடுப்பில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாருடைய வேலை நிற்கிறது, இவற்றைக் கேட்கவேண்டும். கேட்பதைவிடப் பார்க்கவேண்டும். ஒரே உலையில் வடித்த சோற்றைத் தின்பவர்கள் ஒரு குடும்பம். இது பேராசிரியர் வகுத்த இலக்கணம். இன்றைக்கும் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் படித்ததில்லை.

வீரகேரளம்புதூரில் ஒரு பெரிய வீடு. தாத்தாவும் மகன்மாரும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதைப் பேராசிரியரே நேரில் வந்து பார்த்து வியந்து, கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பற்றிக் கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார். நான் அந்த வீட்டின் பின்கட்டில் நாலைந்து முறை உட்கார்ந்துவிட்டு வந்து, "சார், அங்கே மூன்று அடுப்பு எரிகிறது. பெரியவருக்கு மட்டும் தெரியாது. மூன்று மருமகள்களும் முறை வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போடுகிறார்கள்" என்றேன்.

அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தண்ணீர் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் தன் கட்டுரையை எடுத்து, எழுதிய பக்கத்தைக் குறுக்காக அடித்தார். "நான் முன்வாசலிலேயே நின்றுவிட்டேன்" என்றார். அந்த மனிதரை நான் மதித்தேன். இதை இங்கே எழுதாமல் மேலே போனால் அவருக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன்.

குற்றாலத்து வீட்டுக்கு நான் முதலில் போனது சாரல் நாளில். தென்காசிச் சாலையில் இருந்த ஓட்டு வீடு அது. முன்கட்டைச் சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஈரத் துண்டுகளும் எண்ணெய் வாடையுமாக இருந்தது வாசல். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்து வழியை மறித்து நின்றாள்.

"எதுக்கு வாரிய?"

"குடும்பங்களப் பத்தி எழுதுதோம். உங்க வீட்டையும் பாக்கலாம்னு."

"இங்கன ஏது குடும்பம்? நான் புருசன் வேண்டாம்னு தள்ளிவிட்டவ. உள்ள இருக்கவ புருசனப் பறிகொடுத்தவ. குடும்பம் பாக்கணும்னா பக்கத்து வீட்டுக்குப் போங்க."

அப்போது உள்ளேயிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "மைனி, மழையில நிக்காவ. உள்ள வரச் சொல்லுங்க."

வாசலில் நின்றவள் குழல்வாய்மொழி. உள்ளேயிருந்து பேசியவள் அவளுடைய தம்பி மனைவி சங்கரவடிவு. குழல்வாய்மொழிக்குத் தம்பிகள் இரண்டு பேர். மூத்தவர் பரமசிவம், வடிவின் கணவர். மலைக் காய்ச்சலில் இறந்துபோனவர். இளையவர் சண்முகவேலு வடகரையில் வயலும் வீடுமாக வசதியாக இருந்தார். பரமசிவத்துக்கு ஆண் வாரிசு இல்லை, உலகம்மை என்று ஒரே மகள். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டபிறகு குழல்வாய்மொழி தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி இறந்தபிறகும் அங்கேயே இருந்தாள்.

அந்த வீட்டுக்குப் பல மாதங்கள் போனேன். புறவாசலில் அம்மிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பலகை போட்டார்கள். அங்கிருந்து அடுப்பு நேராகத் தெரியும். குழல்வாய்மொழி வெளி வேலைகளைப் பார்த்தாள்: குளிக்க வருகிறவர்களோடு பேசுவது, தேங்காய் வெட்ட ஆள் வைப்பது, ஓடு மாற்றுவது. வடிவு சமைத்தாள். குடிவந்தவர்களுக்கும் அவள் கைச்சாப்பாடுதான். வடிவுக்குக் காய்ச்சல் வந்தபோது, சீசன் உச்சத்தில் இருந்த நேரம், குழல்வாய்மொழி முன்கட்டுக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கஞ்சி காய்ச்சியது, கால் பிடித்துவிட்டது, எல்லாம் குழல்வாய்மொழிதான். உலகம்மை பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தால் அடிப்பவள் அம்மா, அடித்ததற்காக அம்மாவோடு சண்டை போடுபவள் அத்தை. எல்லாம் நான் பார்த்தது. ஓரத்தில் 'பா' போட்டது.

ஒரு நாள் பழக்கத்தில் தைரியம் வந்து, "இந்த வீட்டுக்குத் தலைவர்னா யாரச் சொல்லுவிய?" என்று கேட்டேன்.

குழல்வாய்மொழி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தலைக்கு என்ன குறைச்சல்? ஆளுக்கு ஒண்ணு இருக்குல்லா" என்றாள். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தலைவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் எழுதிக் கொண்டுபோனேன். பேராசிரியர் தண்ணீர் கொடுத்தார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவர்தான். சட்டப்படி யார்? இறந்தவரின் தம்பி. அவர் பெயரை எழுது."

"அவர் வடகரையில் இருக்கிறார் சார். இந்த வீட்டு உலையில் அவருக்கு ஒரு பிடி அரிசி விழுவதில்லை. நீங்கள் சொன்ன இலக்கணம்தான்."

அவர் அந்தத் தாளைத் திரும்பப் படித்தார். "விதிவிலக்குகளைப் பிறகு பார்க்கலாம்" என்று தனியாக எடுத்து வைத்தார். விதிவிலக்கு என்ற சொல்லை அன்றைக்குத்தான் நான் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு சண்முகவேலு வழக்குப் போட்டார். குற்றாலத்து வீடும் அதையொட்டிய தென்னந்தோப்பும் தனக்குச் சேரவேண்டும் என்று கேட்டார். அப்போது சட்டம் இப்படி இருந்தது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரியாத ஒரே குடும்பமென்றால், மகன் இல்லாமல் அண்ணன் இறந்ததும் சொத்து முழுவதும் தம்பிக்கு. விதவைக்குச் சோறும் துணியும்தான். பாகம் பிரிந்தவர்கள் என்றால், அவள் உயிரோடு இருக்கும்வரை வீடு அவள் கையில். அண்ணனும் தம்பியும் தகப்பனார் இறந்ததும் பாகம் பிரித்துக்கொண்டது வாஸ்தவம். வடகரை வயல் தம்பிக்கு, குற்றாலத்து வீடும் தோப்பும் அண்ணனுக்கு. ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை; தனித்தனிக் குடும்பமாக வாழ்ந்ததைக் கண்டவர்கள் சொன்னால்தான் உண்டு.

வீட்டை மட்டும் சண்முகவேலு குறிவைத்திருந்தால் இரண்டு பெண்களும் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். அவருடைய மச்சினன் ஒருவன், மனைவியை இழந்தவன், வயதானவன். உலகம்மையை அவனுக்குக் கட்டிவைக்க ஏற்கெனவே பேச்சு வந்து இவர்கள் மறுத்திருந்தார்கள். வீடு கை மாறினால் சோற்றுக்கு அவர் வாசலில்தான் நிற்கவேண்டும். அப்புறம் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாய் இருக்காது.

தென்காசியில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு இருவரும் வந்தார்கள். வடிவு வீட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. குழல்வாய்மொழி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க வக்கீல் கேக்காரு, வீட்டுல யாரு என்னன்னு வெளி ஆளு எவராது பாத்திருக்காவளான்னு. சொந்தக்காரன் எல்லாரும் அவன் பக்கம் சாஞ்சிட்டான். ஊர்க்காரன் வாய மூடிட்டான். நீதான் தெனமும் வந்து பாத்திருக்க. வந்து சொல்லுதியா?"

அன்றைக்குத்தான் என்னை அவள் முதல்முறையாக 'நீ' என்றாள்.

வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன். மறுத்தார். அவர் சொன்னதை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். "ஒரு வீட்டில் பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னாய் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த வீட்டிலும் நமக்குக் கதவு திறக்காது. நாம் ஆராய வந்தவர்கள். பஞ்சாயத்துப் பண்ண வந்தவர்கள் இல்லை. குறிப்புகள் துறையின் சொத்து. அவற்றிலிருந்து ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது."

"குறிப்புகள் உங்களுடையவை சார். கண் என்னுடையது."

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "இது கட்சி சேருவது, எஸ்தர்."

"அவர்கள் வீட்டு விஷயத்தை அவர்களுக்கு எதிராகச் சொன்னால் அது துரோகம். அவர்களே வந்து கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அதுவும் கட்சி சேருவதுதான். எந்தக் கட்சி என்பது மட்டும்தான் வித்தியாசம்."

இதே கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கருத்தரங்குகளில் எழுந்து நின்று, ஆராய்ச்சியின் நடுநிலை என்னாவது என்று கேட்டிருக்கிறார்கள். என் பதில் மாறவில்லை. நடுநிலை என்று அவர்கள் சொல்வது, வலுத்தவன் பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். கோர்ட் நிறைய ஆட்கள். ஒரு படித்த பெண் வந்து சாட்சி சொல்வதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். சண்முகவேலு முன்வரிசையில் வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய வக்கீல் அனுபவசாலி. மெதுவாகத் தொடங்கினார்.

"இந்த வீட்டு அடுப்படிக்குள்ளே நீங்கள் போனதுண்டா?"

"இல்லை."

"போகாமலே அங்கே என்ன சமைத்தார்கள், யாருக்குச் சமைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமாக்கும்."

"புறவாசலில் உட்கார்ந்திருப்பேன். அடுப்பு அங்கிருந்து தெரியும். அடுப்படிக்குள்ளே போகிறவர்களுக்குப் புறவாசல் தெரியாது. எனக்கு இரண்டும் தெரிந்தது."

சிலர் சிரித்தார்கள். முன்சீப் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்கள். வக்கீல் தொனியை மாற்றிக்கொண்டார்.

"வாதி அந்த வீட்டுக்கு நெல்லும் அரிசியும் கொண்டுவந்து போட்டதை நீங்கள் பார்த்ததுண்டா, இல்லையா?"

பார்த்திருந்தேன். தை மாதத்தில் வண்டியில் வந்து இறக்கினார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் வக்கீலின் முகம் வெளுத்ததை நான் கண்டேன்.

"பார்த்தேன்" என்றேன்.

"அப்படியானால் குடும்பத்தை அவர்தான் தாங்கினார்."

"அது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்று 'உள்ள வரலாமா' என்று கேட்டார். உள்ளேயிருந்து வரச் சொன்னபிறகு வந்தார். முன்கட்டில் பாய் விரித்துத் தனி இலையில் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு போனார். நான் இந்த வட்டாரத்தில் எவ்வளவோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். குடும்பத் தலைவர் தன் வீட்டு வாசலில் நின்று 'உள்ளே வரலாமா' என்று கேட்டதை வேறெங்கும் பார்த்ததில்லை."

வக்கீல் அடுத்த கேள்விக்கு வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குழல்வாய்மொழியின் குரல் கேட்டது. "அது எனக்குக் கொண்டாந்த பொங்கப்படில்லா? ஏலே, ஒரே வீடுன்னா அக்காளுக்குப் படி எதுக்குலே கொண்டாந்த?"

பொங்கலுக்கு உடன்பிறந்தவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சீர் அது; தன் வீட்டுக்குள்ளேயே யாரும் படி கொடுப்பதில்லை. முன்சீப் அவளைக் கண்டித்தார். மறுபடி பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். ஆனால் சண்முகவேலு திரும்பி அக்காளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்ததை முன்சீப்பும் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு அவளைக் கூண்டில் ஏற்றியபோது அதையே முறைப்படி சொன்னாள். உடன்பிறந்த தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாயே என்று வக்கீல் கேட்டதற்கு, "அவனும் என் தம்பிதான், செத்தவனும் என் தம்பிதான். செத்தவன் வந்து சொல்ல முடியாதுல்லா. அதான் நான் வந்தேன்" என்றாள்.

தீர்ப்பு வடிவின் பக்கம் வந்தது. என் சாட்சியால்தான் வந்தது என்று பெருமை பேச மாட்டேன். வயலை யார் அனுபவித்தார், தோப்பை யார் அனுபவித்தார் என்று முன்சீப் பலவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். என் பேச்சு தீர்ப்பில் ஓரிரு வரிகளுக்கு மேல் இல்லை. அந்த வரிகளைச் சொல்லத்தான் போனேன், சொல்லிவிட்டு வந்தேன். அது போதும்.

கோர்ட்டிலிருந்து நேராக என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கம்போல் புறவாசலுக்குச் சுற்றிக்கொண்டு போனேன். வடிவு அடுப்படிக் கதவில் நின்று, "அங்கன எதுக்கு உக்காருத? உள்ள வா" என்றாள். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து அவள் வடித்த சோற்றைச் சாப்பிட்டேன். குழல்வாய்மொழி ஊரார் என்ன சொல்லப்போகிறார்கள் என்பதை ஒவ்வொருவராகப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். வடிவு என் இலையில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஆண்டோடு என் வேலை முடிந்தது என்று துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். பேராசிரியர் எனக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தார். திறமை, உழைப்பு, கவனம் எல்லாம் இருந்தது அதில். விடைபெறப் போனபோது தண்ணீர் கொடுத்தார், குடித்தேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆய்வறிக்கை அச்சாகி வந்தபோது வாங்கிப் படித்தேன். ஆண் தலைமை இல்லாத வீடுகள் இயல்பான குடும்ப அமைப்புக்குப் புறம்பானவை என்பதால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்று ஓரிடத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. வீரகேரளம்புதூரில் தன் கட்டுரையைத் தானே அடித்த மனிதர் இதை எழுதினார். தன் கருத்து தப்பு என்றால் அவரால் அடிக்க முடிந்தது. ஊரின் கருத்து தப்பு என்று எழுதத்தான் கை வரவில்லை. பெண்கள் இருவரும் ஒரு பெண் குழந்தையும் ஓர் உலையில் சோறு வடித்துத் தின்றது இயல்புக்குப் புறம்பு. ஒரே கூரையின்கீழ் மூன்று அடுப்பை மறைத்து வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத வீடு இயல்பு. அந்த அறிக்கையைப் பார்த்து எழுதிய புத்தகங்களிலிருந்து வந்ததுதான் இன்றைய பாடப் புத்தகத்தின் முதல் வரி.

நான் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கல்லூரிக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை குடும்பம் என்ற பாடத்தை நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் குற்றாலத்து வீட்டைப் பற்றிச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்துவதாகப் புகார் போனது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், அடுத்த வருஷமும் சொன்னேன்.

உலகம்மையின் கல்யாணத்தைச் சொல்லி முடிக்கிறேன். உலகச் சண்டை முடிந்து அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அவள் ஆசிரியப் பயிற்சி முடித்துத் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளி வாத்தியார். பத்திரிகை அடிக்கக் குழல்வாய்மொழியோடு நானும் அச்சகத்துக்குப் போனேன். அழைப்பவர் என்ற இடத்தில் இரண்டு பெண்களின் பெயரைப் பார்த்துவிட்டு அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆம்பிளைப் பேரு ஒண்ணு வேணுமே ஆச்சி. பாக்கவன் என்ன நெனைப்பான்?"

"பாக்கவன் நெனைக்கட்டும் அண்ணாச்சி. நீங்க எழுத்த மட்டும் தப்பில்லாம கோத்து அடிங்க" என்றாள் குழல்வாய்மொழி. அப்படியே அச்சடித்தார்.

கல்யாணம் குற்றாலத்து வீட்டிலேயே நடந்தது. சண்முகவேலுவும் வந்திருந்தார். வழக்குக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். நரைத்துப்போயிருந்தார். யாரோடும் பேசாமல் ஒரு தூணருகே உட்கார்ந்திருந்தார். தாரை வார்க்கும் நேரம் வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "பொண்ணப் பிடிச்சுக் குடுக்க ஆம்பிளை யாரு? வாங்கோ" என்றார். சொந்தக்காரர்கள் எல்லோருடைய கண்ணும் தூண் பக்கம் திரும்பியது. "சித்தப்பா இருக்காவள்லா. அவுகளே செய்யட்டும். பழச எல்லாம் மறந்துருவோம்" என்று ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். சண்முகவேலு துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

குழல்வாய்மொழி சண்டைக்குப் போவாள் என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. அவளும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த பக்கம் திரும்பினேன். வடிவு அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். விதவை கல்யாணப் பந்தலுக்கு வரக்கூடாது என்பதால் காலையிலிருந்து அவள் வெளியே தலைகாட்டவில்லை. வெள்ளைச் சேலையில் மாவு ஒட்டியிருந்தது. வழியில் நின்றவர்கள் விலகினார்கள். கொழுந்தனைத் தாண்டி வந்து மணமேடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் வாரேன் சாமி. பெத்தவ நான், வளத்தவுக மைனி. மைனி, நீங்க பிள்ள கையப் பிடிங்க. நான் தண்ணி ஊத்துதேன்."

அவள் இவ்வளவு பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஐயர் மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்தார். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மடியிலிருந்த பேரக் குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு, "பெத்தவ ஊத்துனா தண்ணி ஓடாமயா போயிரும்? முகூர்த்தம் தப்புதுல்லா, ஊத்தச் சொல்லுங்க" என்றாள்.

சண்முகவேலு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். குழல்வாய்மொழி மேடையேறி உலகம்மையின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தாள். வடிவு செம்பை இரண்டு கையாலும் தூக்கினாள். தண்ணீர் மூன்று கைகளையும் நனைத்துக்கொண்டு கீழே வைத்திருந்த தாம்பாளத்தில் விழுந்தது. ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.